குமிழி இல்லாத தொட்டி

வயதானால் காது மந்தமாகும், கண் மங்கும். சென்சாரும் அப்படித்தான். வாங்கிய புதிதில் துள்ளிக் குதிக்கிற சென்சார், சில வருடம் உழைத்த பிறகு கொஞ்சம் சோர்ந்துதான் பதில் சொல்லும். என் மேசையில் இருந்த ஆறு சென்சார்களும் நன்றாக உழைத்துத் தேய்ந்தவை. ஆனால் போன மாதத்தைவிட இந்த மாதம் ஆறும் கூர்மையாகிவிட்டன. ஒன்று கூர்மையாகியிருந்தால் என்னவோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆறும் ஒரே அளவுக்கு, சொல்லிவைத்த மாதிரி கூர்மையானால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எனக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குழாயில் திரவம் ஓடும்போது குழாயின் சுவரை உரசி இழுத்துக்கொண்டு போகும். புத்தகத்தில் அதற்குச் சறுக்குத் தகைவு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் உரசல் என்போம். அதை அளக்க நகத்தளவில் சென்சார்கள் உண்டு. அந்தச் சென்சார் உண்மை சொல்கிறதா, கதை விடுகிறதா என்று பார்ப்பதுதான் காலிபரேஷன். கிளிசரினும் தண்ணீரும் கலந்து ஒரு தொட்டியில் வைத்திருப்பேன். அதை ஒரு மெல்லிய இடுக்கின் வழியாக எனக்குத் தெரிந்த வேகத்தில் ஓடவிடுவேன். வேகமும் திரவத்தின் கெட்டித்தன்மையும் தெரிந்தால் உரசல் இவ்வளவு என்று கணக்கு சொல்லிவிடும். சென்சார் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து இரண்டையும் பொருத்துவேன். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் முழி பிதுங்கும். சென்சாரின் முகத்தில் கடுகளவு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் போதும், அன்றைய வேலை குட்டிச்சுவர்.

அதனால் என் அறையில் யாரையும் எதையும் தொட விடமாட்டேன். கதவுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, துடைக்கிற துணி வைத்த பெட்டிக்கும் பூட்டு. அலுவலகத்தில் எனக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. அறைச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று என் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். இன்னொன்று என் தங்கை வீட்டில், அவளுடைய தையல் மெஷின் இழுப்பறையில் கிடக்கும். இந்த உலகத்தில் நான் சாவி கொடுத்து வைக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. நான்தான் வளர்த்தேன், படிக்க வைத்தேன். படிப்பு ஏறவில்லை, தையல் ஏறியது. பள்ளிச் சீருடை தைத்தே நாலு பேர் மெச்சும்படி நிற்கிறாள். என் அலுவலகத்திலேயே பம்ப் வடிவமைக்கிற பிரிவில் இருந்த ஒரு நல்ல பையனைப் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான். பக்கத்துத் தெருவில் வீடு. அவள் வீட்டு வெளிச்சம் என் மொட்டை மாடியிலிருந்து தெரியும். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. எனக்கென்று இருப்பது அந்த வெளிச்சம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

மாப்பிள்ளை செய்துகொண்டிருந்தது பலவீனமான இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளுகிற சின்ன பம்ப். கையில் அடங்கும் அளவுதான். அதற்கு ஒரே ஒரு கண்டம். உள்ளே சுழல்கிற இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் உரசல் அதிகமானால் ரத்த அணுக்கள் கிழிந்து நாசமாகிவிடும். அதற்கு ஒரு வரம்பு உண்டு. என் சென்சார்களைப் பம்பின் சுவரில் பதித்து ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்று முறை பார்த்தார்கள், மூன்று முறையும் வரம்பைத் தாண்டியது. நாலாவது முறையும் தாண்டினால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். மூடினால் மாப்பிள்ளையைத் தொலைவில் இருக்கிற கிளைக்கு மாற்றிவிடுவார்கள். மாப்பிள்ளை போனால் தங்கையும் போவாள். என் மொட்டை மாடியிலிருந்து எதுவும் தெரியாது.

நாலாவது முறை பம்ப் தேறிவிட்டது.

அலுவலகமே கூடிக் கை தட்டியது. மேலாளர் வாயெல்லாம் பல்லாக என் அறை வாசல் வரை வந்து, காலிபரேஷன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும், அங்கே முதல் நோயாளி காத்திருக்கிறார் என்றார். நானும் சிரித்தேன். தங்கை எங்கேயும் போகமாட்டாள் என்ற சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. உட்கார்ந்து பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரைக்கும்.

சென்சார் கூர்மையானால் என்ன ஆகும்? அதிகமாகச் சத்தம் போடுகிற ஆள் என்று ஒருவனைப் பற்றி முடிவு செய்துவிட்டால், அவன் அலறினாலும் நாம் பாதியாகத்தானே எடுத்துக்கொள்வோம்? அது மாதிரிதான். என் காலிபரேஷனில் சென்சார் கூர்மை என்று வந்துவிட்டதால், பம்பில் அது காட்டியதையெல்லாம் குறைத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குறைவில்தான் பம்ப் தேறியிருக்கிறது. இதனால் லாபம் யாருக்கு? ஊருக்கே தெரியும்.

முதலில் சாமான்களைச் சோதித்தேன். ஒயர்களை மாற்றினேன். வேகம் காட்டுகிற மீட்டரைக் கழற்றி, வாளியில் பிடித்து அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. வெப்பமானி சரி. இடுக்கின் அகலம் சரி. சென்சார்களை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், கீறல் கிடையாது. எல்லாம் சரியாக இருந்து விடை மட்டும் தப்பாக இருந்தால் மனிதர்களைத்தான் பார்க்கவேண்டும். இதில் இன்னொன்று. அந்த இரண்டு வாரமாக எனக்குக் குமிழித் தொல்லைகூட இல்லை. தொட்டி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கை பழகிவிட்டது, பூட்டக்கான்னா சும்மாவா என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் நடவடிக்கையும் சரியில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வந்து, இன்று என்ன வந்தது, நாளைக்கு எத்தனை சென்சார் என்று குடைந்தெடுப்பார். இப்போது தூரத்தில் நின்று கேட்கிற ஒரே கேள்வி, குமிழி எப்படி இருக்கிறது அண்ணி என்பதுதான். இல்லை என்றால் உடனே ஒரு சிரிப்பு. திருட்டுச் சிரிப்பு என்றே எனக்குப் பட்டது. ஒருநாள் அவர் சட்டைக் கையில் ஏதோ பிசுபிசுப்பாக மின்னியது. கிளிசரின். அவர் பிரிவிலும் கிளிசரின் உண்டுதான். இருந்தாலும் நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

கதவில் நூல் கட்டினேன். சிரிக்காதீர்கள். பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்கு நூல் கண்ணில் படாது. தங்கையின் தையல் பெட்டியிலிருந்து எப்போதோ எடுத்துவந்த சாம்பல் நிற நூல், கதவும் அதே நிறம். கைப்பிடிக்கும் நிலைக்கும் நடுவில் கீழே தாழ்வாகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து குனிந்து பார்த்தால் நூல் அறுபடாமல் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அடச்சே, வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று மனசு லேசாகியது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவையும் எடுத்துவிட்டேன்.

பேனாவை எடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று, நான் திறந்தபோது அறுந்து கதவில் தொங்கிய நூலை ஒருமுறை உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். எனக்கு முடிச்சுப் போடத் தெரிந்ததெல்லாம் செருப்பு வாருக்குப் போடுகிற மாதிரி முரட்டு முடிச்சு. கதவில் இருந்தது சின்னதாக, தட்டையாக, வால் தெரியாமல் உள்ளே மடித்துப் போட்ட முடிச்சு. சீருடைப் பொத்தானுக்கு அடியில் போடுகிற முடிச்சு. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். என் ரவிக்கை ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது.

மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டபோது கோபம்தான் வந்தது. இது வேறு. புருஷன் என்றால் கூடப்பிறந்தவள்கூடவா இரண்டாம்பட்சம்? திருட்டுத்தனம் செய்துவிட்டு என் நூலையே திரும்பக் கட்டி என்னை ஏமாற்றுகிறாளே!

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிடப் போனேன். முகத்தில் எதையும் காட்டவில்லை. மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, உன் வீட்டுக்காரர் காலையில் சீக்கிரம் எழுந்துவிடுகிறாரா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"ஆமாக்கா, வாக்கிங் போறார். நானும் கூடப் போறேன். உடம்பு எடை போட்டுடுச்சுல்ல."

"நீயா? வாக்கிங்கா?"

"ஏன், நான் போகக்கூடாதா?"

தெருமுனைக் கடைக்கே ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்கிறவள் இவள். நான் வளர்த்த பிள்ளை பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா? பொய் சொல்லும்போது அவளுக்குக் காது மடல் சிவக்கும். அன்று இரண்டு மடலும் சிவந்து கிடந்தன. நான் ஊசி தேடுகிற மாதிரி மெஷின் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பாபின், பொத்தான், சாக்குக்கட்டி எல்லாம் இருந்தன. சாவி இல்லை. எங்கே என்று கேட்டேன். இங்கேதான் எங்கேயாவது இருக்கும், எங்கே போகப்போகிறது என்றாள். நான் சாப்பிட உட்காரவே இல்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் நின்று யோசித்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? தங்கை இங்கேயே இருப்பாள், மாப்பிள்ளைக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் மருத்துவமனையில் ஒரு ஆள் நெஞ்சைத் திறந்துகொண்டு படுத்திருப்பானே, அவன் ரத்தம் கிழியுமே. அவனும் யாரோ ஒருத்தியின் தம்பியாகவோ அண்ணனாகவோதானே இருப்பான். என்னால் முடியவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது, பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் விடிந்ததும் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். நூலை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, கேன்கள் அடுக்கி வைத்திருக்கிற சின்ன உள்ளறையில் நின்றுகொண்டேன். கதவிடுக்கு வழியாகத் தொட்டி தெரிந்தது. கால் கடுக்க ஆரம்பித்த நேரத்தில் வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம். அதற்குப் பின்னால் என் தங்கையின் குரல்.

"இன்னிக்கு நூலே இல்லையே. அக்கா மறந்துட்டாளா?"

"பரவாயில்ல, சீக்கிரம் திற."

"சாவியை நான்தான் போடுவேன், நீங்க தள்ளுங்க. என்னை நம்பிக் குடுத்தது."

நம்பிக் கொடுத்ததாம்! உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை தள்ளுவண்டியில் கொண்டுவந்தது அவர் பிரிவில் இருக்கிற வேக்குவம் பம்ப், காற்றை உறிஞ்சுகிற இயந்திரம். தங்கை என் தொட்டியின் மூடியைப் பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தாள். அவர் வேறொரு கண்ணாடி மூடியைப் பொருத்தி, குழாயைச் சொருகி, தொட்டிக்கு அடியில் இருந்த ஹீட்டரைக் கொஞ்சம் திருகிவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். திரவத்துக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி மேலே வந்து மறைந்தன. வருது பாருங்க, வருது பாருங்க என்று தங்கை குனிந்து வேடிக்கை பார்த்தாள்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கேன் ஒன்று உருள, வெளியே வந்து நின்றேன். தங்கை கையிலிருந்த மூடி நழுவித் தரையில் விழுந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டேன். "என் தங்கச்சியையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டு என் வீட்டுலயே கன்னம் வைக்கிறீங்களா மாப்பிள்ளை? உங்க பம்ப் தேறணும்னா என் சென்சாரைக் கெடுக்கணுமா?"

மாப்பிள்ளை இயந்திரத்தை நிறுத்தக்கூட மறந்துபோய் நின்றார். பேசியது தங்கைதான். அவளுக்கு நான் சொன்னதில் பாதி புரியவே இல்லை.

"என்னக்கா கெடுக்கிறது? நீதானே குமிழி குமிழின்னு தூக்கமில்லாம புலம்பினே? கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தே. நான்தான் இவர்கிட்ட கெஞ்சினேன், அக்கா தண்ணியில இருக்கிற காத்தை எப்படியாவது எடுத்துக் குடுங்கன்னு."

மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் குமிழி வராது, அவர் பிரிவில் அப்படித்தான் செய்வார்கள், என்னிடம் கேட்டால் தொட்டியின் பக்கத்திலேயே விட்டிருக்கமாட்டேன் என்று தெரிந்துதான் சொல்லாமல் செய்ததாக மென்று விழுங்கிச் சொன்னார். அது உண்மைதான், விட்டிருக்கமாட்டேன். கதவில் இருந்த நூல் வேலைக்குத் தேவையான ஏதோ ஒன்று என்று தங்கை நினைத்திருக்கிறாள். கதவைத் திறக்கும்போது அறுந்துவிடுகிறதே என்று தினமும் அதே நிறத்தில் நூல் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்கு அப்பாடா என்று இருக்கவேண்டும். இருந்தது. தங்கை தங்கையாகத்தான் இருக்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெளிக்குழாயின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்து கீழே ஒரு தட்டில் தேங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. வெறும் தண்ணீர்.

"மாப்பிள்ளை, தொட்டியில மட்டம் குறையலையா?"

"குறைஞ்சுது அண்ணி. குறைஞ்சா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு உங்க கேன்ல இருந்தே எடுத்து ஊத்திடுவேன். நீங்க கலந்ததுதானே, அதே கலவைதானேன்னு…"

சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். படித்தவர், கெட்டிக்காரர், அவருக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று அலமாரியிலிருந்து சாய்ந்த கண்ணாடிக் குழாயை எடுத்தேன். அதில் திரவத்தை நிரப்பி ஒரு கண்ணாடிக் குண்டை உருட்டிவிட்டால், மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு எத்தனை நொடியில் இறங்குகிறது என்பதை வைத்துத் திரவம் எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடலாம். நான் கலந்த அன்று இருபத்தொரு நொடி. மூடி போட்டு வைத்த கலவை மாதக் கணக்கில் மாறாது என்பதால் அதன்பிறகு நான் அளக்கவே இல்லை. தொட்டித் திரவத்தை ஆறவைத்து, வெப்பமானியைப் பார்த்து, குழாயில் நிரப்பிக் குண்டை விட்டேன்.

குண்டு இறங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தொன்று தாண்டியது. குண்டு இன்னும் கோட்டுக்கு வரவில்லை. ஆடி அசைந்து, கல்யாண ஊர்வலம் மாதிரி வந்துகொண்டிருந்தது. இருபத்தாறில் கோட்டைத் தொட்டது.

"இன்னொரு தடவை விடுங்க," என்றார் மாப்பிள்ளை. விட்டேன். இருபத்தாறுதான்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காற்றோடு தண்ணீரும் ஆவியாகிப் போயிருக்கிறது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாகத் தண்ணீர் விடாமல் கிளிசரின் கலந்ததையே விட்டதால் நாளுக்கு நாள் தொட்டி கெட்டியாகிக்கொண்டே வந்திருக்கிறது. எடைக்கல் கனத்துப்போனால் தராசில் வைக்கிற பொருள் எடை குறைவாகத்தானே தெரியும்? என் தொட்டிதான் எடைக்கல். கனத்துப்போனது அதுதான். சென்சார்கள் ஆறும் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் கால்குலேட்டரை எடுத்துப் பம்பின் எண்ணைத் திருத்திப் போட்டேன். மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். மூன்றாவது சோதனையைவிட நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் வரம்புக்கு மேலே இருந்தது. கொஞ்சம்தான், இருந்தாலும் மேலேதான்.

"என்ன? என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்," என்றாள் தங்கை.

"தேறல," என்றார் அவர்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். புருஷனுடைய இத்தனை வருட உழைப்பு, வெள்ளிக்கிழமை மாலை மரியாதையோடு போகவேண்டியது, தான் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்ன ஒரு உதவியால் வந்த வெறும் பொய் என்று தெரிந்தால் யார்தான் அழமாட்டார்கள்? அவள் அழவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை. என் கையில் சுருண்டு கிடந்த சாம்பல் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேலைக்கு இல்லையா அக்கா?"

நான் நூலை விரலில் சுற்றிக்கொண்டேன்.

"யார் வர்றாங்கன்னு பார்க்கக் கட்டினதா? அப்போ ஞாயித்துக்கிழமை வயிறு சரியில்லைன்னு போனது? இழுப்பறையைக் குடைஞ்சது?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். "அவரைச் சந்தேகப்பட்டே. சரி, வெளியில இருந்து வந்தவர். என்னையும் சந்தேகப்பட்டியா?"

"எண் தப்பா இருந்துச்சுடி. தப்பா இருந்தா நான் பார்க்கவேண்டாமா?"

"பாரு. யார் வேண்டாம்னா? ஒயரைப் பார்த்தே, மீட்டரைப் பார்த்தே, வீட்டு மனுஷங்களையெல்லாம் பார்த்தே. உன் கையால கலந்த தண்ணியை மட்டும் ஒருநாளாவது சந்தேகப்பட்டியாக்கா?"

மேலாளர் கேட்டிருந்தால் பதிலுக்குப் பத்து கேட்டிருப்பேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, குண்டு இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள். என் தொழிலில் முதலில் சந்தேகப்படவேண்டியது எடைக்கல்லைத்தான். புதிதாக வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் அதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்து என் மேசையில் வைத்தாள்.

"இது இனிமே என்கிட்ட வேணாம்."

சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாள். மாப்பிள்ளை குழாயைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மன்னிச்சுக்குங்க என்று வாய்விட்டுச் சொன்னேன், என் வயதில் நான் அதிகம் உபயோகிக்காத வார்த்தை அது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். கையெழுத்துப் போடவேண்டாம், மேலாளரிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். திட்டத்தை மூடினாலும் மூடுவார்கள், வரம்புக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருப்பதால் இன்னும் இரண்டு மாதம் கேட்டுப் பார்க்கிறேன், இறக்கையின் விளிம்பை இன்னும் கொஞ்சம் வழித்தால் போதும் என்று தோன்றுகிறது, ஆனால் அதற்குச் சரியான எண் வேண்டும் அண்ணி என்றார். அவ்வளவுதான் பேசினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் மேசையில் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்று எவ்வளவு பயந்தேன். தொலைவில் இருக்கிற கிளைக்கு அவர்களை மாற்றவே வேண்டியதில்லை போலிருக்கிறது, பக்கத்துத் தெருவிலிருந்தபடியே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

வெளியே நடையில் அவள் செருப்புச் சத்தம் தூரத்துக்குப் போய், நின்று, திரும்பி வந்தது. விறுவிறுவென்று உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் தரையில் விழுந்து கிடந்த தொட்டி மூடியை எடுத்து, தாவணிக்காரியாக இருந்தபோது செய்த மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் முந்தானையால் சுற்றிலும் துடைத்து, தொட்டியின் மேல் அழுத்தி வைத்தாள்.

"திறந்து போட்டுட்டு நிக்கிறே. தண்ணி போகாதா?" என்றாள்.

பிறகு மேசையிலிருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"புதுசா கலந்து வை. அவர் நாளைக்குக் காலையில காத்து எடுக்க வருவார். நான் வந்து கதவைத் திறக்கிறேன். நூல் கீல் கட்டினே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

சரி என்றேன். அவள் போன பிறகு புதுக் கிளிசரின் கேனை உடைத்துக் கலக்க உட்கார்ந்தேன். கலந்து முடித்ததும் குண்டை விட்டு அளந்தேன், இருபத்தொன்று வந்தது. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறையும் அளந்தேன். தொட்டியில் ஊற்றினேன். உள்ளே எங்கு பார்த்தாலும் குமிழி.